கிளவுட் செயலிகள் எந்நேரமும் ஓடத்தான் வேண்டுமா?

சென்ற மாதம் கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "தம்பி, இதைப் போட்டிட்டுத் தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் நிக்குது. புதுசு வாங்கத்தான் வேணுமோ?" என்று கேட்டார்.

4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் ஹாட் டிஸ்க். பழையதுதான், ஆனால் அவருடைய வேலைக்குக் காணும். எந்தச் செயலி எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது. முன்வரிசையில் நின்றவை இரண்டு கிளவுட் செயலிகள், அதாவது நம் பைல்களை இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு அனுப்பி வைப்பவை. ஒன்று லப்டொப்போடு வந்தது. மற்றது லீவில் வந்த மகன் போட்டுக்கொடுத்தது. இரண்டும் ஒரே படப் போல்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்தச் செயலிகள் செய்வது இதுதான். கொம்பியூட்டர் எழும்பியவுடன் போல்டரில் உள்ள பைல்களைக் கிளவுட்டில் உள்ளவற்றோடு ஒப்பிடும். பிறகு ஏதாவது மாறுகிறதா என்று நாள் முழுக்கக் கவனிக்கும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கும் மெஷினில் இது பெரிதாகத் தெரியாது. சுழலும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சின்னப் பைல்களை அங்கொன்று இங்கொன்றாகத் தேடி வாசிக்கவே நேரம் போய்விடும். அன்ரிவைரஸும் அதே நேரத்தில் அவற்றைத் தொட்டால் மௌஸ்கூட நகராது.

டேட்டாவும் போகும். கலியாணம், சாமத்திய வீட்டு அல்பம் செய்யும் ஸ்டூடியோ அண்ணை ஒருவர் மாதம் பாதி முடியமுன்னரே டேட்டா தீர்கிறது என்று வந்தார். அவர் அல்பப் பைல்களைக் கிளவுட் போல்டருக்குள் வைத்தே வேலை செய்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல். சில சேவைகள் பைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், சில முழுப் பைலையும் திரும்ப அனுப்பும். அவருடையது இரண்டாவது வகை. ஒரு பூவை நகர்த்தி சேவ் பண்ணினால் முழு ஜிபியும் மேலே போகும். அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 5 மெகாபிட்) என்றால் ஒரு ஜிபி போக ஏறத்தாழ 27 நிமிடம் வேண்டும். வேலை நடக்கும் போல்டர் வேறு, அனுப்பும் போல்டர் வேறு என்று பிரித்துவிட்டோம். அல்பம் முடிந்த பிறகுதான் இப்போது அனுப்புகிறார்.

சரி, ரீச்சரின் கதைக்கு வருகிறேன். லப்டொப்பில் இடமில்லை என்று அவர் மூன்று கிழமைக்கு முன் படங்களை அழித்திருந்தார். "அதுதான் மேல இருக்கே தம்பி" என்றார். மேலே இல்லை. சிங்க் என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பெட்டியில் கொண்டுபோய்க் காப்பாற்றிய படங்களின் ஸ்கேன்கள் அவை. அவர் பாவித்த சேவையில் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். இன்னும் பத்து நாள் பிந்தி வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அன்று எனக்குக் கை நடுங்கியது உண்மை.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படங்களின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு செயலி எந்நேரமும் ஓடத் தேவையில்லை. பெரும்பாலானோருக்கு பிரவுசரே காணும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பொக்ஸ் மூன்றையும் பிரவுசரில் திறந்து, போல்டரை இழுத்துப் போட்டுவிட்டு, முடிந்ததும் மூடிவிடலாம். பெரிய பைல் போகும்போது கரண்ட் போனால் திரும்பத் தொடங்க வேண்டிவரும், அது ஒரு குறை. இலவச இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5, டிராப்பொக்ஸில் 2. கூகுளின் 15 ஜிபியில் ஜிமெயிலும் சேர்த்தி. அது நிரம்பினால் மெயில் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

செயலிதான் வேண்டுமென்றால், அது தானாகத் தொடங்காதபடி டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் டிசேபிள் செய்யுங்கள். தேவையான நேரம் நீங்களே திறந்து, வேலை முடிந்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் படத்தை அழுத்தி குவிட் கொடுங்கள். சைபர்டக் (Cyberduck) என்ற இலவச மென்பொருளும் உண்டு. அதில் கிளவுட் ஒரு போல்டர்போலத் தெரியும், மூடினால் பின்னால் எதுவும் ஓடாது.

நான் கடையில் பாவிப்பது ஆர்குளோன் (rclone) என்ற, கிளவுட்டுக்குப் பைல் அனுப்பும் மென்பொருள். இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லாத ஒரே ஒரு பைல். கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும் என்பதால் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் ஒருமுறை கணக்கை இணைத்துவிட்டால் பிறகு ஒரே வரிதான். ஏற்கனவே போன பைலைத் தவிர்த்துப் புதியதை மட்டும் அனுப்பும், வேகத்துக்கு எல்லை போடலாம், அனுப்பி முடிந்ததும் தானாக நின்றுவிடும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் நள்ளிரவுக்குப் பின் என்று நேரம் குறித்தால், இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ்காரருக்கு நல்ல மிச்சம். இதில் 'கொப்பி' என்ற கட்டளையையே பாவியுங்கள். 'சிங்க்' கட்டளை, இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும்.

ரீச்சருக்குப் பிரவுசர் வழியைத்தான் காட்டிக்கொடுத்தேன். இரண்டு செயலிகளும் ஸ்டார்ட்அப்பிலிருந்து போன பிறகு லப்டொப் இரண்டு நிமிடத்துக்குள் எழும்புகிறது. படங்களின் இன்னொரு பிரதி வெளி ஹாட் டிஸ்க்கில் அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு உடனே செயலியை நீக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் போல்டரைத் திறந்து பைல்களின் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். ஒன்டிரைவில் மேகக் குறி இருந்தால் அந்தப் பைல் உங்கள் கொம்பியூட்டரில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு என்பதைக் கொடுத்து, எல்லாம் பச்சைச் சரிக்குறியாக மாறும்வரை காத்திருங்கள். பிறகு நீக்குங்கள்.