தனக்குத் தானே சுரங்கம் தோண்டும் வெள்ளம்

"அலாஸ்காவில் பெரிய மழை ஏதும் இல்லாமலே வெள்ளம் வந்ததாமே, பனி உருகினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தண்ணீர் வரும், ஒரு ஏரியே ஓரிரு நாளில் எப்படிக் காலியாகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2025 ஆகஸ்டில் ஜூனோ நகரத்தில் நடந்ததைத்தான் கேட்கிறார்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஊரை ஒட்டி மெண்டன்ஹால் என்ற பனியாறு இறங்கி நிற்கிறது. மேலே சூசைட் என்ற கிளைப் பனியாறு ஒன்று முன்பு அதனோடு வந்து கலந்துகொண்டிருந்தது. வெப்பம் கூடக்கூட அந்தக் கிளை மலைமேல் பின்வாங்கிவிட, அது இருந்த இடத்தில் பெரிய கிண்ணம் போல ஒரு பள்ளம் மிஞ்சியது. (பெயர் ராசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். பெயரை மாற்றினால் பனி உருகாதா என்று கேட்டேன், பதில் இல்லை.) பள்ளத்தின் வாயை மெண்டன்ஹாலின் பனிச்சுவர் அடைத்திருக்கிறது. கோடையில் மழைநீரும் உருகிய பனியும் அதில் தேங்கும். 2011 முதல் இந்தத் தண்ணீர் அடிக்கடி வெளியேறி, ஊர் வழியே ஓடும் மெண்டன்ஹால் ஆற்றில் பாய்கிறது. ஆற்றின் உச்ச நீர்மட்டம் 2023இல் 14.97 அடி, 2024இல் 15.99 அடி, 2025இல் 16.65 அடி. மூன்றும் ஆகஸ்ட் மாதம், ஒவ்வொன்றும் முந்தைய சாதனையை முறியடித்தது.

சரி, சுவர் உடைந்துதான் தண்ணீர் வருகிறதா? அதுதான் இல்லை. சுவர் நின்றபடியே நிற்கும், தண்ணீர் அதற்கு அடியில் போய்விடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும், தெரியும். ஏரியின் ஆழம் பனிச்சுவரின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கினால், அவ்வளவு பெரிய சுவரும் மிதக்கிற நிலைக்கு வந்துவிடும். அப்போது அடியில், பாறைக்கும் பனிக்கும் நடுவே, தண்ணீர் மெல்ல நுழைகிறது. ஒரு சின்ன ஓடை. சுற்றியுள்ள பனி 0 டிகிரி, தண்ணீரும் கிட்டத்தட்ட அதே. பிறகு எது பனியை உருக்குகிறது?

விழுகிற வேகம். கீழே இறங்கும் தண்ணீர் இழக்கும் நிலையாற்றல் உராய்வில் வெப்பமாக மாறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் சுமார் 980 ஜூல், ஒரு கிலோ பனியை உருக்க 3,34,000 ஜூல் வேண்டும். ஆக 340 கிலோ தண்ணீர் இறங்கினால்தான் ஒரு கிலோ பனி உருகும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 100 கன மீட்டர் ஓடினால், அந்த வெப்பம் முழுதும் பனிக்கே போகும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,000 டன்னுக்கு மேல் பனி உருகும்! ஏரித் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால் இன்னும் மோசம், அந்த ஒரு டிகிரி 100 மீட்டர் வீழ்ச்சியைப் போல நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் தரும்.

இப்படி உருகி உருகி அந்த ஓடை பனிக்குள் ஒரு குழாயாகிவிடும். குழாய் அகலமானால் அதிகத் தண்ணீர் ஓடும், அதிகம் ஓடினால் அதிகம் உருகும், உருகினால் குழாய் இன்னும் அகலமாகும். இதை எதிர்ப்பது ஒன்றே ஒன்று, மேலே உள்ள பனியின் எடை. பனி கல் மாதிரித் தெரிந்தாலும் அழுத்தினால் பிசைந்த மாவு போல மெல்ல நகரும், குழாயை நெருக்கி மூடப் பார்க்கும். தொடக்கத்தில் இரண்டும் மல்லுக்கட்டும். உருகல் ஒருமுறை முந்திவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் நை இந்தப் போட்டியைச் சமன்பாடுகளாக எழுதி 1976இல் ஐஸ்லாந்து வெள்ளங்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

இதனால்தான் இந்த வெள்ளம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்தால் அது தலைகீழாக இருக்கும். மழை வெள்ளம் சட்டென்று ஏறும், மெல்ல வடியும். இதுவோ மெல்ல ஆரம்பித்து வேகமெடுத்து ஏறும், ஏரி காலியானதும் பட்டென்று இறங்கும். தண்ணீர் நின்றதும் பனி தன் வேலையைக் காட்டிக் குழாயை மூடிவிடும். அடுத்த கோடையில் பள்ளம் மறுபடி நிரம்பும்.

2023இல் ஆற்றங்கரை அரித்து வீடு சரிந்து விழுந்த காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2024இல் சுமார் 300 வீடுகளுக்குச் சேதம். அதன்பின் கரையோரம் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு, கம்பி வலைக் கூடைகளில் மணல் நிரப்பித் தடுப்பு கட்டினார்கள். 2025இல் ஆறு முன்னைவிட உயர்ந்தும் அது பெரும்பாலும் தாங்கியது.

பள்ளத்தில் நீர்மட்டம் பார்க்கும் கேமராக்களும் ஆற்றில் உள்ள அளவுகோலும் இல்லையென்றால் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருக்க முடியாது. இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பணம் கேட்டால் எந்த நாட்டு அரசும் மூஞ்சியைச் சுளிக்கும், ஏனென்றால் ரிப்பன் வெட்ட அதில் ஒன்றும் இருக்காது. பாலம் கட்டினால் திறப்பு விழா உண்டு, அளவுகோலுக்கு ஏது?

இப்போது அடிபடும் யோசனைகளில் ஒன்று, மலையைக் குடைந்து பள்ளத்துத் தண்ணீரை நிரந்தரமாக வடித்துவிடுவது. அதுவும் சுரங்கம்தான், ஆனால் சுற்றிலும் பாறை. உருகிப் பெருக்கவும் செய்யாது, நெருங்கி மூடிக்கொள்ளவும் செய்யாது.