குறைமாதக் குழந்தையும் முதல் மூச்சும்

"ஐ.வி.எஃப். முறையில் உண்டானதால்தான், 32 வாரத்தில் பிறந்த என் இரட்டைப் பேத்திகளுக்கு மூச்சுத்திணறல் வந்ததா?" என்று ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்.

கரு உண்டான விதத்தைவிட, எத்தனை கரு வளர்ந்தது, எத்தனை வாரம் வளர்ந்தது என்பதே இதில் பெரிது. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். முறையில், ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களைக் கருப்பையில் வைக்கும்போது இரட்டைக் கர்ப்பம் கூடுகிறது. இரட்டையரில் ஏறத்தாழ பாதிப் பேர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். ஐ.வி.எஃப். மூலம் ஒற்றையாகப் பிறக்கும் குழந்தைகளுக்கும் இந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதில் பெற்றோரின் உடல்நிலைக்கும் பங்கு உண்டு.

மூச்சுக்கு வருவோம். நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதுபோல, நீரின் பரப்பு இழுவிசை அந்தப் பைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புக் கலவை. அதன் மூலக்கூறுகள் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காற்றிலும் நீட்டிப் படலத்தின்மேல் மிதக்கின்றன. மூச்சை விடும்போது பை சிறுத்து, மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்க, இழுவிசை வெகுவாகக் குறைகிறது; அதாவது, பை மூடிப்போகும் அபாயம் மிகுந்த அந்தக் கணத்தில்தான் காவலும் மிக வலுவாக இருக்கிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை உடலியலில் நான் கண்டதில்லை.

இது ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவை எட்ட 35 வாரம் வரை ஆகலாம். அதற்குள் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப் போலவே பாடு. விலாவுக்குக் கீழே தோல் உள்ளிழுபடுவதையும், மெல்லிய முனகலையும் கவனிக்கலாம். அந்த முனகல் அழுகையன்று. குரல்வளையைப் பாதி மூடி, உள்ளே போன காற்றைப் பிடித்துவைக்கக் குழந்தை தானே செய்யும் முயற்சி.

இந்தக் குறைபாட்டை மேரி எலன் ஏவரி, ஜெரி மீடு என்ற ஆய்வாளர்கள் 1959இல் கண்டறிந்தார்கள். ஆனால், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டால் குழந்தைகளைக் காப்பாற்றிய ஜப்பானிய ஆய்வு வெளிவந்தது 1980இல்தான். இடையில், 1963இல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பிறந்த இரண்டே நாளில் இதே நோயால் இறந்தான். உடனடிப் பயன் தெரியாத ஆய்வுகளுக்கும் அரசு தாராளமாக நிதி தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்று, குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டே சுரப்பை விரைவுபடுத்துகிறார்கள். கிரகணத்தையும் கண்ணேறையும் சொல்லி மருமகளைக் குறைகூறுவோர் அந்த நேரத்தில் அவளை விரைந்து மருத்துவமனையில் சேர்க்கலாம். ஐ.வி.எஃப். சிகிச்சைக்குச் செல்லும் தம்பதியரோ, "எத்தனை கரு வைப்பீர்கள்?" என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.