போட்டியில் ஜெயித்த பட்டியலை அப்படியே வாங்கலாமா?

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பங்குப் போட்டிகளில், புது மருந்து உருவாக்கும் பயோடெக் நிறுவனங்களின் பங்குகளை வைத்து நடக்கும் போட்டிக்குத் தனி ருசி உண்டு. ஆளுக்கொரு தொகை போட்டு, அமெரிக்கச் சந்தையில் நாலைந்து பயோடெக் பங்குகளை எழுதிக் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் யாருடைய பட்டியல் அதிகம் ஏறியிருக்கிறதோ, அவர் கைகாட்டும் தொண்டு நிறுவனத்துக்கு மொத்தப் பணமும் போகும். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதலீட்டு ஆலோசகனான என்னிடம் சிலர் அந்த ஜெயித்த பட்டியலோடு வந்து, "சார், இதையே நிஜப் பணத்தில் வாங்கிவிடலாமா?" என்று கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

போட்டியில் நடுவில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றுதான். போட்ட பணம் எப்படியும் நன்கொடையாகப் போய்விட்டது. ஆகவே ஜெயிக்க நினைப்பவர் தாறுமாறாக ஆடும் பங்கைத்தான் எடுப்பார், எடுக்கவும் வேண்டும். நிஜக் கணக்கில் அப்படி இல்லை. 75 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலையைத் தொட நான்கு மடங்காக வேண்டும்.

அக்ஸோவன்ட் கதை இதற்கு நல்ல உதாரணம். கிளாக்ஸோஸ்மித்க்ளைன் என்ற பெரிய மருந்து நிறுவனத்திடம் 50 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து வாங்கிய ஓர் அல்சைமர் மருந்தைக் காட்டி, 2015 ஜூனில் பங்கு வெளியீட்டில் 31.5 கோடி டாலர் திரட்டியது அந்த நிறுவனம். 2017 செப்டம்பரில், ஒப்புதலுக்கு முந்தைய மூன்றாம் கட்டப் பரிசோதனையில் அந்த மருந்து தோற்றது. ஒரே நாளில் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. "ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால்?" என்று கேட்பார்கள். விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆணை அது. ஆனால் இந்த மாதிரிச் செய்திகள் பெரும்பாலும் சந்தை மூடியிருக்கும் நேரத்தில்தான் வரும். 20 டாலரில் நீங்கள் ஸ்டாப் லாஸ் வைத்திருக்க, மறுநாள் வர்த்தகமே 6 டாலரில் தொடங்கினால் 6 டாலருக்குத்தான் விற்கும்.

மூன்றாம் கட்டம் வரை வருவதே பெரிய விஷயம். முதல் கட்டப் பரிசோதனைக்குள் நுழையும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதலை வாங்குகிறது. அதிகம் உதிர்வது இரண்டாம் கட்டத்தில்.

சரி, ஒப்புதல் கிடைத்துவிட்டால்? போட்டிக்காரர்களுக்கு எஃப்டிஏ முடிவு சொல்லவேண்டிய தேதிகள் என்றால் உயிர். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால், அதைச் சுற்றித்தான் பட்டியலே போடுவார்கள். ஆனால் அந்தத் தேதியில் ஒப்புதலுக்குப் பதில், 'இப்போதைக்கு இல்லை' என்று காரணங்களோடு ஒரு கடிதமும் வரலாம். மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை, தயாரிக்கும் ஆலையில் குறை கண்டாலும் கடிதம் வரும். குறையைச் சரிசெய்யும்வரை பங்கு விலை காத்திருக்காது.

ஒப்புதலே கிடைத்தும் கவிழ்ந்தவர்கள் உண்டு. டென்ட்ரியான் நிறுவனத்தின் ப்ரோவெஞ்ச், நோயாளியின் சொந்தச் செல்களிலிருந்தே தயாரிக்கும் புரோஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை. 2010 ஏப்ரலில் எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. அப்போது முழுச் சிகிச்சைக்கு 93,000 டாலர். இந்தப் பெரிய தொகையை மருத்துவர்கள் முதலில் தங்கள் கையிலிருந்து போட்டு, பிறகு காப்பீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளவேண்டியிருந்தது. அவர்கள் தயங்கினார்கள், விற்பனை மந்தமானது. 2011 ஆகஸ்டில் நிறுவனம் தன் விற்பனைக் கணிப்பைத் திரும்பப் பெற்றதும் ஒரே நாளில் பங்கு விலையில் பாதிக்கு மேல் காலி. 2014 நவம்பரில் திவால் மனு. மருந்தைச் சரியாகக் கணித்தவர்கள்கூட பணத்தை இழந்தார்கள்.

என்னிடம் பட்டியலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மருந்தைப் பற்றியல்ல. கடைசிக் காலாண்டு அறிக்கையில் ரொக்கக் கையிருப்பு எவ்வளவு, காலாண்டுக்கு எவ்வளவு கரைகிறது? வகுத்துப் பார்த்தால், புதுப் பங்குகளை விற்காமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்கள் என்பது தெரிந்துவிடும். பரிசோதனை முடிவு வருவதற்குள் காசு தீரும் என்றால், நடுவில் புதுப் பங்கு வரும், நிறுவனத்தில் உங்களுக்குச் சொந்தமான விகிதம் சுருங்கும். நல்ல செய்தி வந்து விலை ஏறினாலும், அடுத்த நாளே தள்ளுபடி விலையில் புதுப் பங்கு விற்கும் நிறுவனங்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அப்புறம், போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. பல பயோடெக் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து, சந்தையில் ஒரே பங்குபோல் வாங்கக்கூடிய எக்ஸ்பிஐ என்ற ஈடிஎஃப்பையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள மோசமான பங்கு யாருக்கு மிகக் குறைவாக விழுந்ததோ அவருக்கும் ஒரு பரிசு வையுங்கள். அந்தப் பரிசை வாங்கியவர் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தால், நான் உட்கார்ந்து பார்க்கத் தயார்.