'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே வரி. மருந்து அளவைப் பதியும் ஒரு மென்பொருளில் தவறான அளவு ஏறிவிட்டது. நல்ல வேளை, நோயாளிக்குப் போவதற்குள் இன்னொருவர் கண்ணில் பட்டது. வடிவமைத்த குழுவின் அறிக்கை இப்படி முடிகிறது: "காரணம்: செவிலியரின் கவனக்குறைவு." இதை இன்னும் எத்தனை அறிக்கையில்தான் படிப்பது?

திரையைத் திறந்து பார்த்தேன். மருந்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மஞ்சள் பெட்டி. 'சரி' தட்ட வேண்டும். எடையைப் பதிந்தால் இன்னொன்று. நேரத்தை மாற்றினால் மூன்றாவது. நான்காவதாக வந்ததுதான் 'அளவு பத்து மடங்கு அதிகம்' என்ற எச்சரிக்கை. அதுவும் அதே மஞ்சள், அதே இடத்தில் அதே 'சரி'. மூன்று முறை தட்டிய விரல் நான்காவது முறையும் தட்டத்தான் செய்யும். அப்படித் தட்டப் பழக்கியது நாம்தானே?

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தின் கதை, மென்பொருள் வடிவமைக்கும் நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 1985 முதல் 1987 வரை ஆறு பேர் மீது அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். 1986இல் நடந்த இரண்டு விபத்துகளில் திரை காட்டியது 'கோளாறு 54' என்பதை மட்டும். இயந்திரம் அடிக்கடி நின்றதால், 'தொடர்' விசையைத் தட்டுவது இயக்குபவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இந்த விபத்துகளுக்குப் பின்னால் இருந்த மென்பொருள் பிழை, முந்தைய மாதிரியான தெராக்-20இலும் இருந்தது. ஆனால் அதில் மென்பொருள் தவறினாலும் கதிரைத் தடுக்கும் வன்பொருள் பூட்டு தனியாக இருந்ததால் ஆபத்து நேரவில்லை. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் புதியதில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள்.

"இவ்வளவு சிக்கலான அமைப்பில் எல்லாவற்றையும் யாரால் முன்கூட்டியே யோசிக்க முடியும்?" என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் கண்ணெதிரே இருப்பதை விட்டுவிடுவது வேறு. போயிங் 737 மேக்ஸில் எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணத்தை அளக்க இரண்டு உணரிகள் இருந்தன. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் என்ற மென்பொருள் அவற்றில் ஒன்றை மட்டுமே கேட்டது. 2018, 2019இல் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள்.

ஒரு பாதுகாப்பை நீக்கும் முன், அது எதற்காக வந்தது என்று தேடுங்கள். சிவப்பு நிறத்தை உயிருக்கு ஆபத்தானதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் ஒரு நாளாவது கூட நின்று பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் வரைந்தால் இப்படித்தான் வரும். அப்புறம், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, மனதில் உறுத்தினால் கூட்டத்திலேயே சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். தயவுசெய்து.

அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தச் செவிலியரிடம் விளக்கம் கேட்டுப் போன கடிதத்தையும் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.