டிஸ்பெர்ஷன்: சிதறலா, விரவலா?

பினாங்கு, பிறையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போன வாரம் கேட்டாள்: “சித்தப்பா, டிஸ்பெர்ஷனுக்குத் தமிழில் என்ன?” சிதறல் என்றேன். “அது எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக் கணக்கில் படித்த சுகாத்தான் செராக்கான். இது வேற, பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலக்கிறது” என்றாள். சரிதான். சுகாத்தான் செராக்கான் என்பது எண்கள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று பார்க்கும் புள்ளியியல் அளவைக்கு மலாய்ப் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஸ்பார்கெரே’ என்றால் தூவுதல், ‘டிஸ்’ என்றால் நாலா பக்கமும். விதை தெளிப்பது போல. ஆனால் விதை ஏற்கெனவே உதிரியாக இருக்கிறது. கருங்குழாயில் சேர்க்கும் கரித்தூளோ ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி பிடிக்கும். இயந்திரம் அதை உடைக்கவும் வேண்டும், பரப்பவும் வேண்டும்.

மைலோ கலக்கும்போது பார்த்திருப்பீர்கள். குவளை முழுக்கச் சின்னக் கட்டிகள் ஒரே சீராக மிதந்தால் பரவல் பிரமாதம், அது டிஸ்ட்ரிபியூஷன். வாயில் வைத்தால் மாவு அகப்படுகிறதே, டிஸ்பெர்ஷன் தோற்றது அங்கேதான்.

தண்ணீர்க் குழாய்க்கான பாலிஎத்திலினில் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு கரி இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க அது வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் கட்டி நின்றால், அந்த இடத்தில் விரிசல் தொடங்கலாம். அதனால் குழாயை மெல்லிய சீவலாக நறுக்கியோ, துணுக்கைச் சூடாக நசுக்கியோ, சுமார் 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, கட்டிகளின் அளவுக்கேற்ப ஐஎஸ்ஓ 18553 என்ற அனைத்துலகத் தர முறைப்படி தர எண் போடுவார்கள். 3-ஐத் தாண்டக் கூடாது. பரீட்சை மார்க் மாதிரி இல்லை, கூடினால் மோசம். மாஸ்டர்பேட்ச், அதாவது கரியைச் செறிவாகக் கலந்த பிளாஸ்டிக் துணுக்குகள், செய்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: உருக்கிய பிளாஸ்டிக்கை நுண்வலை வழியே தள்ளுவார்கள். கட்டி வலையை அடைத்தால் அழுத்தம் ஏறும்.

தமிழுக்கு வருவோம். ‘சிதறல்’ புள்ளியியலுக்கும் ஒளிச்சிதறலுக்கும் போய்விட்டது. ஒளியியலில் டிஸ்பெர்ஷனே ‘நிறப்பிரிகை’. எனக்கு ‘விரவல்’ பிடித்திருக்கிறது. இருதிணைக்கும் பொதுவான பெயரை இலக்கணத்தில் ‘விரவுப்பெயர்’ என்கிறோமே, அதே விரவு. உடைப்பது என்ற பொருள் அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டியாக நிற்பதை விரவியது என்று யாரும் சொல்லமாட்டோம். டிஸ்ட்ரிபியூஷன் பரவல், டிஸ்பெர்ஷன் விரவல், அந்த எண் ‘விரவல் தரம்’.

அவளிடம் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்றாள். அவர்கள் லேப்பில் மட்டும் “கட்டி இருக்கு, கட்டி இல்லே” என்றுதான் பேசிக்கொள்வார்களாம்.