புளோரன்ஸில் ஒரே நாள்: முதலில் கிழமையைப் பாருங்கள்

புளோரன்ஸுக்கு ஒரு நாள் போதுமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கிழமை போகிறீர்கள்?" என்பதுதான். தேதியைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கிழமையைக் கேட்டால் செல்போனை எடுத்துக் காலண்டரைத் தேடுவார்கள். ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜராகச் சொல்கிறேன், இந்த ஊரில் மழையால் கெட்ட நாட்களைவிடக் கிழமையால் கெட்ட நாட்களே அதிகம்.

திங்கட்கிழமை உஃபிசி ஓவியக் கூடத்துக்கு விடுமுறை. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியாவுக்கும் அன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை துவோமோ என்னும் பெரிய கதீட்ரல் வழிபாட்டுக்கு மட்டும்தான், நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களை உள்ளே விடுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம் என்பது கேட்க இனிக்கும். ஆனால் அன்று முன்பதிவு இல்லாமல் ஊரே வரிசையில் நிற்கும், ஒரே நாள் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வியாழக்கிழமை பலாட்சோ வெக்கியோ என்ற பழைய அரண்மனையின் அருங்காட்சியகம் மதியம் 2 மணிக்கே மூடிவிடும். செவ்வாய்க்கிழமை உஃபிசியும் அக்காதேமியாவும் திறந்திருக்கும், ஆனால் திங்களன்று ஏமாந்தவர்களும் சேர்ந்து வந்து நிற்பார்கள். என்னைக் கேட்டால் புதன் அல்லது வெள்ளி. திங்கள்தான் கிடைத்தது என்றால் கதீட்ரலின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சிற்பி கிபெர்த்தி 27 ஆண்டுகள் உழைத்து 1452-ல் முடித்த 'சொர்க்கத்தின் கதவுகள்' அசல் அங்கேதான் இருக்கிறது. ஞானஸ்நான மண்டபத்தின் வாசலில் எல்லோரும் முண்டியடித்துப் படமெடுப்பது நகலைத்தான்.

கிழமை முடிவானதும் அடுத்த முடிவு, எதற்குள் நுழைவது என்பது. ஒரு நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட் ஒன்றே ஒன்றுதான் எடுக்க வேண்டும். காலை உஃபிசி, மதியம் அக்காதேமியா, மாலை கதீட்ரலின் குவிமாடம் என்று மூன்றையும் ஆன்லைனில் பதிந்துகொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவதில் அரை மணி தாமதமானால் மற்ற இரண்டையும் துரத்திக்கொண்டே ஓட வேண்டியதுதான். குவிமாடத்தில் ஏறும் டிக்கெட்டுக்குக் குறித்த நேரம் கறாரானது. தவறவிட்டால் வேறு நேரம் மாற்றித் தருவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எந்த ஒன்று? குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு அக்காதேமியா என்றுதான் சொல்வேன். சிறிய இடம், ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். 1501-ல் தொடங்கி 1504-ல் செதுக்கி முடித்த டேவிட் சிலையின் உயரம் 5.17 மீட்டர், அதாவது ஏறக்குறைய 17 அடி. படத்தில் பார்த்துப் பழகியவர்களும் நேரில் அந்த உயரத்தை எதிர்பார்ப்பதில்லை. அதற்குப் போகும் வழியில் இருபுறமும் நிற்கும் 'கைதிகள்' சிலைகளைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பாதி செதுக்கி விட்டுவிட்ட சிலைகள் அவை, உளி பட்ட தடம் அப்படியே தெரியும். அங்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

உஃபிசி வேறு ரகம். ஊரை ஆண்ட முதலாம் கோசிமோ மெதிச்சி தன் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் வசாரியைக் கொண்டு 1560-ல் கட்டத் தொடங்கியது. போத்திச்செல்லியின் வீனஸ் பிறப்பு, லியொனார்தோ, கரவாஜ்ஜியோ என்று அறை அறையாக நீளும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகப் பார்ப்பது வீண். ஓவியத்தில் உண்மையாகவே ஆசை இருந்தால் மட்டும் போங்கள், ஊரார் சொன்னார்கள் என்பதற்காகப் போனால் இரண்டாவது மணி நேரத்தில் உட்கார பெஞ்ச் தேட ஆரம்பிப்பீர்கள்.

கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்த கதீட்ரல் குவிமாடத்தில் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. இரண்டு ஓடுகளுக்கு நடுவே போகும் குறுகலான படிக்கட்டு அது. முட்டி வலி, இதயக் கோளாறு, அடைத்த இடங்களில் மூச்சு முட்டும் பயம், இதில் எது இருந்தாலும் வேண்டாம். பாதியில் திரும்பி இறங்குவது எளிதல்ல, பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். கதீட்ரலுக்குள் நுழைவு இலவசம் என்பதால் வெளியே வரிசை பாம்பாய் வளைந்து நிற்கும். எனக்கு அது அவ்வளவு காத்திருப்புக்கு ஏற்றதாகப் படவில்லை. பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கு எல்லாம் வெளிச்சுவரில் இருக்க, உள்ளே பெரும்பாலும் வெற்றுச் சுவர்கள்தான். சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாலே மனம் நிறையும்.

டிக்கெட்டை அந்தந்த அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் எடுங்கள். தேடினால் அதே பெயரில், அதே படங்களோடு, கூடுதல் விலைக்கு விற்கும் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். அரசு அருங்காட்சியகங்களில் எந்த நாட்டவரானாலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்தே நேரத்தைப் பதிய வேண்டும், வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் முழுக் கட்டணம் கட்டி வரும் குடும்பங்கள் உண்டு.

பேக்கேஜில் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூர் பேக்கேஜ்களில் புளோரன்ஸைப் பெரும்பாலும் பைசாவோடு ஒரே நாளில் கட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 85 கிலோமீட்டர். சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போலப் படம் எடுக்கவும், கோச் நிறுத்துமிடத்திலிருந்து போய் வரவும் அரை நாள் போய்விடும். மிச்சத்தில் புளோரன்ஸ். பயண நிரலில் 'நகரச் சுற்று' என்று மட்டும் போட்டிருந்தால், பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ மேட்டில் ஒரு போட்டோ, பிறகு சிக்னோரியா சதுக்கம் வரை ஒரு நடை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் ஒவ்வொரு இடத்துக்கும் நேரே "உள்ளே நுழைவு உண்டா, வெளியிலிருந்து பார்ப்பதா?" என்று எழுதி வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டி உண்டா என்பதையும் கேளுங்கள். இத்தாலியில் நினைவுச் சின்னங்களில் நின்று விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. "ஏன் சார் நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில்.

கோச் ஓட்டுநர் காத்திருக்க மாட்டார் என்பதற்கும் சட்டம்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளை கட்டாயம், வேலை முடிந்தபின் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. வண்டியில் இருக்கும் டாகோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். நாம் தோல் பை பேரம் பேசி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால், மறுநாள் காலை வெனிஸுக்குக் கிளம்பும் நேரம் தள்ளிப்போகும். போதாததற்குப் பழைய நகருக்குள் கோச் நுழைய முடியாது. நிறுத்தம் வரை நடக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகப் போகிறவர்களுக்கு ரயில்தான் சிறந்தது. ரோம் தெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், மிலானிலிருந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டி. பலகையில் 'ஃபிரென்ட்சே' என்றுதான் இருக்கும், இறங்க வேண்டியது சாந்தா மரியா நோவெல்லா நிலையம். அங்கே பெட்டிகளை வைக்க இடம் உண்டு. பெரிய பைகளோடு அருங்காட்சியகத்துக்குள் விட மாட்டார்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கியிருந்தால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள கருவியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. பழைய நகர் முழுதும் இசட்.டி.எல் எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி. வாசலில் காவலர் நிற்க மாட்டார், கேமரா நிற்கும். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அபராதக் கடிதமும், விவரம் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் பிடிக்கும் கட்டணமும் வரும். நெடுஞ்சாலையை ஒட்டிய வில்லா கோஸ்தான்சா நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு டிராமில் ஊருக்குள் வாருங்கள்.

நிலையத்திலிருந்து கதீட்ரல் பத்து நிமிட நடை. அங்கிருந்து சிக்னோரியா சதுக்கம், பிறகு போன்டே வெக்கியோ என்ற பழைய பாலம் எல்லாம் அடுத்தடுத்துதான். தெருவெல்லாம் கல் பாவியது, புதுச் செருப்பு வேண்டாம். டேவிட் 1873 வரை சிக்னோரியா சதுக்கத்தில்தான் நின்றது, இப்போது நிற்பது 1910-ல் வைத்த நகல். 1345-ல் கட்டிய போன்டே வெக்கியோவில் ஒரு காலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593-ல் ஊரை ஆண்ட பெர்தினாந்தோ மெதிச்சி அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களுக்கு இடம் கொடுத்தார். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஆர்னோ ஆற்றின் மற்றப் பாலங்களைத் தகர்த்தபோது இது ஒன்றுதான் தப்பியது. நகை வாங்க ஆசைப்படுபவர்கள் 750 முத்திரையைப் பாருங்கள், பெரும்பாலும் 18 காரட்தான், நம்மூர் 22 காரட் அல்ல. மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறைகளும் உள்ள சாந்தா குரோசே தேவாலயத்தின் பக்கம் போனால் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். 1966 நவம்பர் 4 வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று குறித்த பலகைகள் இருக்கும். தேவாலயங்களுக்குள் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

காஷினே பூங்காவில் நம் நாட்டு ராஜா ஒருவரின் நினைவு மண்டபம் இருக்கிறதாமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். கோலாப்பூரின் இளம் அரசர் ராஜாராம், ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1870-ல் இங்கே இறந்தார். ஆர்னோவோடு முன்யோனே ஆறு கலக்கும் இடத்தில் இந்து முறைப்படி எரியூட்டினார்கள். பக்கத்துப் பாலத்துக்கே 'இந்தியர் பாலம்' என்றுதான் பெயர். ஆனால் அது மையத்திலிருந்து வெகு தூரம், ஒரு நாள் திட்டத்தில் சேராது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ரொட்டியும் தக்காளியும் சேர்ந்த பாப்பா அல் பொமதோரோ, பீன்ஸும் கீரையும் கலந்த ரிபொல்லித்தா இரண்டும் இந்த ஊர்ச் சமையல். இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் விற்கும் லாம்ப்ரெதொத்தோ மாட்டு இரைப்பை, ஊரின் புகழ்பெற்ற பிஸ்தெக்காவும் மாட்டிறைச்சி. பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ போட்டிருந்தால் ஏமாற்று வேலை அல்ல, அது உட்கார்ந்து சாப்பிடும் கட்டணம். காபியை நின்றபடியே குடித்தால் பாதி விலையில் முடியும். மதியச் சமையலறை இரண்டரை மணியோடு மூடும் கடைகள் நிறைய, மூன்று மணிக்குப் பசியோடு வந்து நின்றால் ரொட்டித் துண்டுதான்.

தரையில் ஓவியங்களை விரித்து வைத்து, மிதித்துவிட்டாய் என்று பணம் கேட்பவர்களிடம் நின்று வாதாட வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். போலி பிராண்டுப் பையை வாங்கினால் விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் அபராதம், 300 யூரோவில் தொடங்கி 7,000 யூரோ வரை போகலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் புளோரன்ஸில் இந்தியத் தூதரகம் கிடையாது, ரோமுக்கோ மிலானுக்கோ போக வேண்டும். அவசர உதவிக்கு 112.

மாலையில் 12 அல்லது 13-ம் எண் பேருந்தில் பியாட்சாலே மைக்கேலாஞ்சலோவுக்கு ஏறினால், காலையில் நடந்த ஊர் மொத்தமும் கீழே தெரியும். சூரியன் சாய்ந்ததும் எல்லோரும் ஒரே பேருந்துக்கு முண்டுவார்கள், அதனால் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்குங்கள். மலிவு விலை அதிவேக ரயில் டிக்கெட்டைப் பெரும்பாலும் அடுத்த ரயிலுக்கு மாற்ற முடியாது. முந்தைய இரவே 'ஷோப்பெரோ', அதாவது வேலைநிறுத்தம், அறிவித்திருக்கிறார்களா என்று விடுதியில் கேட்டுவிடுங்கள். வார நாட்களில் வேலைநிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட நாளில் அந்த நேரத்துக்குள் திரும்பும்படி திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.