கேட்பாரற்ற சொத்து வேறு, வாரிசில்லாச் சொத்து வேறு

உயில் எழுதாமல் இறந்து, உறவினர் என்று யாரும் முன்வராதவர்களின் பெயர்ப்பட்டியலை இங்கிலாந்து அரசு வெளியிட்டு வந்தது. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘வாரிசில்லாச் சொத்து’ என்று எழுதிவிடுகிறார்கள். வாரிசு இல்லை என்று யார் கண்டது? இருந்தால் வரட்டும் என்றுதானே பட்டியலே போட்டார்கள்!

அந்தப் பட்டியலின் ஆங்கிலப் பெயர் ‘அன்கிளெய்ம்டு எஸ்டேட்ஸ்’. ‘எஸ்டேட்’ லத்தீன் ‘ஸ்டேடஸ்’ வழியாக, பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டத்தில் அது இறந்தவர் விட்டுச்சென்ற வீடு, வங்கி இருப்பு, பங்குகள் எல்லாம் சேர்ந்தது. கடனும் ஈமச்செலவும் அதில்தான் கழியும். அப்படியே ‘எஸ்டேட்’ என்று எழுதினால் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் கண்ணில் வரும். ‘வாரிசு’ அரபுச் சொல்லான ‘வாரிஸ்’. எங்கிருந்து வந்தாலும் அது தமிழாகிவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘இல்லா’ என்பதோடுதான். ‘அவருக்கு வாரிசு இல்லை’ என்றால் பிள்ளை இல்லை என்றே நாம் புரிந்துகொள்கிறோம். இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டுச் சொத்து நிர்வாகச் சட்டமோ துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, அவர்களுடைய மற்றப் பிள்ளைகள் என்று வரிசையாகப் போகிறது. பெரியம்மா இறந்திருந்தால் அவர் பங்கு அவர் பிள்ளைக்கு, அவரும் இல்லையென்றால் பேரனுக்கு. பிள்ளையில்லாதவருக்கு இருபது வாரிசுகள்கூட இருக்கலாம். ‘தாயாதி’ என்று தூய தமிழ்போல் எழுதுவதும் பொருந்தாது. அது தந்தைவழிப் பங்காளிகளோடு நின்றுவிடும், இந்தச் சட்டத்தில் தாய்வழிக்கும் அதே உரிமை.

தேடுவது எப்படி என்று பார்த்தால் ‘இல்லா’ எவ்வளவு அவசரம் என்று தெரியும். இறப்புச் சான்றிதழிலிருந்து பிறப்புக்கு, அங்கிருந்து பெற்றோர் திருமணத்துக்கு, பிறகு தாத்தா பாட்டி வரை மேலே ஏறி, ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்க வேண்டும். 1911 செப்டம்பர் காலாண்டு முதல் பிறப்புப் பதிவுகளின் பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கிறது. உடன்பிறந்தாரைச் சேர்த்துப் பார்க்க முடியும். அதற்கு முந்திய பதிவில் ‘ஸ்மித்’ போன்ற பெயர் வந்தால் முன்பெல்லாம் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது; இப்போது அரசின் இணைய அட்டவணையில் அந்தப் பழைய பதிவுகளுக்கும் தாயின் குடும்பப்பெயர் கிடைக்கிறது. மணமாகிப் பெயர் மாறிய பெண்ணிடம்தான் பெரும்பாலும் நூல் அறுகிறது. நூல் அறுந்தது என்பதற்காகக் கிளையே இல்லை என்று சொல்லலாமா?

சொத்து அரசிடம் போன பிறகும், நிர்வாகம் முடிந்ததிலிருந்து 12 ஆண்டுகள் வரை உரிமை கோரலாம். அதற்குப் பிறகும், இறந்த நாளிலிருந்து 30 ஆண்டுகள் வரை, வட்டியில்லாமல், அரசு மனம்வைத்துக் கொடுக்கலாம். வாரிசே இல்லாத சொத்துக்கு இத்தனை கெடு எதற்கு?

‘உரிமை கோரப்படாத சொத்து’ பொருளில் சரி, வாயில் நுழையாது. ‘அநாதைச் சொத்து’ இறந்தவரையே அநாதையாக்குகிறது. ‘கேட்பாரற்ற சொத்து’ என்பதே சரி. தெருவில் கிடக்கும் பையைத்தான் அப்படிச் சொல்வோம் என்பார்கள். சொல்லட்டும், அந்தப் பைக்கும் உரியவர் எங்கோ இருக்கிறார், இன்னும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். நாளை ஒருவர் கேட்டால் பெயர் தானாக நீங்கிவிடும். தேடி முடித்து யாரும் இல்லை என்று உறுதியானால் அப்போது ‘வாரிசில்லாச் சொத்து’ என்று எழுதுங்கள், தடுக்கவில்லை.

இதோடு ‘வாரிசு வேட்டைக்காரர்’ என்பதையும் விட்டுவிடுங்கள். தமிழில் வேட்டை மானுக்கும் ரவுடிக்கும் உரியது. வீடு தேடிப்போய் ‘உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது’ என்று சொல்கிறவர் வாரிசு தேடுபவர்.